அகிம்சையால் வீழ்ந்ததா மௌரியப் பேரரசு?

நீண்ட பதிவு. பொறுமையும் நேரமும் உள்ளவர்கள் தொடர்ந்து வாசிக்கவும்.

சென்ற வாரம் நான் ஆய்வு மேற்கொண்டுள்ள பல்கலைக்கழகத்தில் ஒரு கருத்தரங்கு நடைபெற்றது. சிறப்புரையாற்ற வந்த பேராசிரியர், பண்டைய இந்தியாவின் மாபெரும் அரசு சரிந்ததற்குக் காரணம் அசோகரின் அகிம்சையே என்றார். கலிங்கத்தில் பேரரசர் கண்கலங்கிய நாளிலிருந்து படை துருப்பிடித்தது, எல்லை திறந்துகிடந்தது, அன்னியர் உள்ளே வந்தனர் என்று வரிசைப்படுத்தினார். இரக்கம் தனிமனிதருக்கு அழகு, அரசுக்கு நோய் என்ற பொருளில் உரையை முடித்தார். அரங்கு கைதட்டியது. முதலாண்டு மாணவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டனர்.

தேநீர் இடைவேளையில் எனக்கு நெருக்கமான தோழர்கள் சிலர் கொதித்துப்போய் நின்றிருந்தனர். அவர்கள் முன்வைத்த விடை வேறு: மௌரியப் பேரரசை வீழ்த்தியது பிராமணச் சதி, புஷ்யமித்திர சுங்கன் என்ற ஒருவனே சான்று, இதற்குமேல் பேச என்ன இருக்கிறது? அதற்கும் சான்று போதாது என்று நான் சொன்னேன். உடனே நான் நடுநிலை வேடம் போடுகிறேன் என்ற பட்டம் கிடைத்தது.

இரண்டு தரப்புக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். நான் நடுநிலையாளன் அல்லன். அகிம்சைக் கோட்பாடு தவறானது. இன்று அது ஆபத்தானதும்கூட. ஆனால் ஒரு தவறான விளக்கத்தை மற்றொரு தவறான விளக்கத்தால் முறியடிக்க இயலாது. எதிர்த்தரப்பிடம் சான்று கேட்கும் நாம், நம் தரப்புக்குப் பிடித்த கதையிடமும் அதே சான்றைக் கேட்டாக வேண்டும்.

முதலில் காலக்கணக்கைப் பார்ப்போம். சந்திரகுப்தர் ஏறத்தாழ கி.மு. 321இல் ஆட்சியைக் கைப்பற்றினார். அசோகர் முடிசூடியது ஏறத்தாழ கி.மு. 268. முடிசூடி எட்டு ஆண்டுகள் கழிந்தபின் கலிங்கப் போர், அதாவது கி.மு. 260ஐ ஒட்டி. அசோகரின் மறைவு ஏறத்தாழ கி.மு. 232. கடைசி மௌரிய மன்னன் பிருகத்ரதன் கொல்லப்பட்டது ஏறத்தாழ கி.மு. 185. புராணங்கள் இந்த வம்சத்துக்கு 137 ஆண்டுகள் தருகின்றன. நம் கணக்கும் அதற்கு அருகிலேயே வருகிறது. இனி எளிய கழித்தல் போதும். கலிங்கத்துக்கு முன் ஏறத்தாழ 60 ஆண்டுகள். கலிங்கத்துக்குப் பின் ஏறத்தாழ 75 ஆண்டுகள். பேரரசின் ஆயுளில் பாதிக்கும் மேற்பட்ட காலம் கலிங்கப் போருக்குப் பிந்தையது. அதில் முதல் இருபத்தெட்டு ஆண்டுகள், அசோகர் தம்மத்தைப் போதித்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகள், பேரரசு தன் மிகப் பெரிய பரப்பில் நிலைத்திருந்த ஆண்டுகளும் ஆகும். ஒரு மருந்தை உண்டபின் எழுபத்தைந்து ஆண்டுகள் வாழ்ந்த ஒருவரை, அந்த மருந்துதான் கொன்றது என்று எந்த மருத்துவரும் சான்றிதழ் எழுதமாட்டார்.

அடுத்து, அசோகர் உண்மையில் என்ன சொன்னார்? 13ஆம் பாறைக் கல்வெட்டை மேற்கோள் காட்டுவோரில் பெரும்பாலோர் அதன் முதற்பகுதியோடு நிறுத்திக்கொள்கின்றனர். ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டதும், ஒன்றரை லட்சம் பேர் இடம்பெயர்த்துக் கொண்டுசெல்லப்பட்டதும், அதனால் மன்னர் அடைந்த வருத்தமும் அங்கே உள்ளன. அதே கல்வெட்டில் சற்றுக் கீழே, பேரரசுக்குள் வாழும் காட்டுக் குடிகளுக்கு அவர் விடுக்கும் செய்தியும் உள்ளது. வருந்துகிற நிலையிலும் தம்மிடம் வலிமை இருக்கிறது என்பதை அவர்கள் அறிந்துகொள்ள வேண்டும். கொல்லப்படாதிருக்க வேண்டுமானால் தம் செயலுக்கு நாணித் திருந்த வேண்டும் என்பதே அதன் பொருள். வாளைக் கீழே வைத்தவர் பேசும் மொழியா இது? மேலும், தம் மகன்களும் பேரர்களும் புதிய வெற்றிகளை நாட வேண்டாம் என்று கூறிய உடனேயே, அப்படியொரு வெற்றி நேருமாயின் பொறுமையும் இலகுவான தண்டனையும் கொள்க என்று சேர்த்துக்கொள்கிறார். போரே நிகழாது என்று அவர் கனவு காணவில்லை.

கலிங்கத்தை அவர் திருப்பித் தரவில்லை என்பதையும் நினைவில் கொள்வோம். தௌலியிலும் ஜௌகடாவிலும், அதாவது வெல்லப்பட்ட கலிங்க மண்ணிலேயே, 13ஆம் கல்வெட்டு பொறிக்கப்படவில்லை. வேறு பாறைகளில் உலகுக்கு அறிவித்த வருத்தத்தைப் பாதிக்கப்பட்டவர்களின் கண்முன் அவர் எழுதவில்லை. அங்கே அதற்குப் பதிலாக இரண்டு தனிக் கல்வெட்டுகள் உள்ளன. அவை நிர்வாகத்தைப் பற்றியவை. மனம் கசிந்து அரசியலை மறந்த துறவியின் செயலாக இது எனக்குத் தோன்றவில்லை. தேர்ந்த ஆட்சியாளர் ஒருவரின் கணக்கு இது.

மரண தண்டனையையும் அவர் ஒழிக்கவில்லை. 4ஆம் தூண் கல்வெட்டு, மரண தண்டனை விதிக்கப்பட்டோருக்கு மூன்று நாள் அவகாசம் தருகிறது. உறவினர் மேல்முறையிடலாம், இயலாதபோது கைதி மறுமைக்கான தானமோ நோன்போ செய்யலாம். மூன்று நாள் கழிந்தால் தண்டனை நிறைவேறும். அரண்மனைச் சமையலறையிலும் புலால் ஒரே நாளில் நிற்கவில்லை. 1ஆம் பாறைக் கல்வெட்டு பொறிக்கப்பட்ட வேளையில் நாள்தோறும் இரண்டு மயில்களும் ஒரு மானும் கொல்லப்பட்டுவந்தன. அதுவும் இனி நிற்கும் என்று அக்கல்வெட்டு உறுதி கூறுகிறது. ஆக, நாம் பேசிக்கொண்டிருப்பது படிப்படியான, வரம்புக்குட்பட்ட, அரச அதிகாரத்தைக் கைவிடாத ஒரு கொள்கையைப் பற்றி. படையைக் கலைத்ததாகக் கண்டெடுக்கப்பட்ட எந்தக் கல்வெட்டிலும் ஒரு சொல்கூட இல்லை.

படை இருந்ததற்கோ சான்றுகள் உள்ளன. அவற்றுள் வலுவானது அகிம்சைக் கோட்பாட்டினர் நாள்தோறும் சொல்லும் கதையிலேயே ஒளிந்திருக்கிறது. பாணபட்டர் ஏழாம் நூற்றாண்டில் எழுதிய ஹர்ஷசரிதம், பிருகத்ரதன் எப்படிக் கொல்லப்பட்டான் என்று கூறுகிறது. முழுப் படையையும் மன்னனுக்குக் காட்டுவதாகச் சொல்லி அழைத்துவந்து, படை அணிவகுப்பின்போது சேனாபதி புஷ்யமித்திரன் அவனைக் கொன்றான். கலைக்கப்பட்ட படையை எப்படி அணிவகுக்கச் செய்வது? துருப்பிடித்துப் போன படையின் தலைவனுக்கு அரியணையைப் பறிக்கும் வலிமை எங்கிருந்து வந்தது? மௌரியரின் கடைசி நாளில் படை மன்னனைக் காட்டிலும் வலிமையாக இருந்தது. இந்த நிகழ்ச்சி வேறெதையும் மெய்ப்பிக்காவிட்டாலும் அதை மெய்ப்பிக்கிறது.

எல்லை திறந்துகிடந்தது என்ற வாதத்துக்கு வருவோம். கி.மு. 206இல் செலூக்கிய மன்னர் மூன்றாம் அந்தியோக்கஸ் இந்துகுஷ் மலையைக் கடந்து வந்து, சோபகசேனஸ் என்ற இந்திய மன்னனோடு நட்பைப் புதுப்பித்துக்கொண்டு, யானைகளைப் பெற்றுத் திரும்பினார் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் எழுதுகிறார். இதிலிருந்து இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. அசோகர் மறைந்து கால் நூற்றாண்டுக்குப் பிறகும் வடமேற்கில் போர் யானைகள் பராமரிக்கப்பட்டன. வந்த பேரரசர் போரிடாமல் உடன்படிக்கை செய்துகொண்டார். இது ஒன்று. அந்தச் சோபகசேனஸ் நம் புராணப் பட்டியல்களில் உள்ள மௌரிய மன்னர் எவரோடும் ஐயமின்றிப் பொருந்தவில்லை. வடமேற்கு அப்போதே பாடலிபுத்திரத்தின் கையைவிட்டு நழுவியிருந்திருக்கக்கூடும். இது மற்றொன்று. பாக்டிரிய கிரேக்கர் கங்கைச் சமவெளியை நோக்கி வந்தது வம்சம் முடிந்த காலத்தை ஒட்டி. அவர்கள் உடைந்த கதவின் வழியே நுழைந்தவர்கள். கதவு ஏன் உடைந்தது என்பதல்லவா நம் கேள்வி?

இனி என் தோழர்களின் விடைக்கு வருகிறேன்.

பிராமண எதிர்வினைதான் மௌரியரை வீழ்த்தியது என்ற கருத்தை 1910இல் விரிவாக முன்வைத்தவர் ஹரப்பிரசாத் சாஸ்திரி. இன்று இதைச் சமூக ஊடகங்களில் முழங்குவோர் பலருக்கு இந்த வம்சாவளி தெரியாது. வேள்விக் கொலைக்குத் தடை, தம்ம மகாமாத்திரர் என்ற புதிய பதவி, தண்டனையில் சமத்துவம், பூமியின் தேவர்களைப் பொய்யர் ஆக்கியதாக அசோகரே பெருமை கொண்டது ஆகியவை பிராமணரைக் கிளர்ந்தெழச் செய்தன என்பது அவர் வாதம். இதில் கடைசியாகச் சொன்னது ஒரு பிராகிருதச் சொல்லைப் பொருள்கொண்ட விதத்தைச் சார்ந்தது. சிறு பாறைக் கல்வெட்டில் வரும் ‘மிஸா’ என்ற சொல்லை ‘ம்ருஷா’, அதாவது பொய் என்று கொண்டால் அந்தப் பொருள் வரும். அது ‘மிஸ்ர’, அதாவது கலந்தது என்பதன் திரிபு. 1915இல் கண்டறியப்பட்ட மஸ்கிக் கல்வெட்டில் அதே இடத்தில் ‘மிஸிபூதா’ என்றே உள்ளது. மனிதரோடு கலவாதிருந்த தேவர்கள் இப்போது கலந்தனர் என்பதே செய்தி. ஒரு எழுத்தின் ஒலி மாற்றத்தின் மேல் ஒரு புரட்சியையே கட்டி எழுப்பிய கதை இது. மொழியியல் படிக்கும் மாணவர்களுக்கு இதைவிடச் சிறந்த எச்சரிக்கை வேண்டியதில்லை.

சாஸ்திரியை வரிக்கு வரி மறுத்தவர் ஹேமசந்திர ராய்சௌத்ரி. பிராமணருக்கும் சிரமணருக்கும் மதிப்பளிக்குமாறு அசோகர் திரும்பத் திரும்ப அறிவுறுத்துவதை அவர் எடுத்துக்காட்டினார். அந்த மறுப்போடு அவர் நின்றிருக்கலாம். 1923இல் வெளிவந்த தம் நூலில் அவரே அசோகரின் அமைதிக் கொள்கை அரசின் போர்த்திறனைக் குலைத்தது என்ற முடிவுக்குச் சென்றார். ஆக, இன்று ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருக்கும் இரு கோட்பாடுகளும் ஒரே தலைமுறையில், ஒரே வங்கத்து அறிவுச் சூழலில் பிறந்தவை. குடியேற்ற ஆட்சியில் வாழ்ந்த அந்த அறிஞர்களை நாம் ஏன் அடிமைப்பட்டோம் என்ற கேள்வி வாட்டிக்கொண்டிருந்தது. அதன் விடையைக் கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் தேடினர். அவர்கள் தேடியதில் குற்றமில்லை. நூறு ஆண்டுகள் கழிந்தும் அதே கேள்வியை அதே இடத்தில் நாம் தேடுவதுதான் வியப்பு.

புஷ்யமித்திரன் பிராமணன் என்பது மரபு. அவன் அசுவமேதம் செய்தான் என்பதற்கு அயோத்தியில் கிடைத்த தனதேவனின் கல்வெட்டு சான்று. அவன் பௌத்தரைத் துன்புறுத்தினான், சிரமணர் தலை ஒவ்வொன்றுக்கும் நூறு தீனாரம் அறிவித்தான் என்பது திவ்யாவதானத்தின் கூற்று. ‘தீனாரம்’ என்பது ரோமானிய நாணயப் பெயரிலிருந்து வந்த சொல். கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே அந்தப் பெயர் வழங்கியிருக்க வழியில்லை. அந்த நூலோ புஷ்யமித்திரனை மௌரிய வம்சத்தின் கடைசி மன்னனாகவே குறிப்பிடுகிறது. மௌரியரைக் கொன்றவனையே மௌரியன் என்று சொல்லும் நூலை, மௌரியர் வீழ்ந்த கதைக்கு எப்படிச் சாட்சியாக அழைப்பது? சுங்கர் காலத்தில்தான் பர்ஹுத் தூபியின் வாயில் எழுந்தது. சுங்கர் ஆட்சியில் என்று அதன் கல்வெட்டே கூறுகிறது. சாஞ்சிப் பெருந்தூபி கல்லால் விரிவுபடுத்தப்பட்டதும் கி.மு. இரண்டாம் நூற்றாண்டில்தான்.

இதனால் புஷ்யமித்திரன் பௌத்தரின் நண்பன் என்று ஆகிவிடாது. அவனுக்குப் பகைமை இருந்திருக்கலாம். சில விகாரங்கள் அழிந்திருக்கலாம். மதப் பகைமை இந்திய வரலாற்றில் இல்லவே இல்லை என்று சொல்வோரோடு எனக்கு உடன்பாடில்லை. நான் சொல்வது ஒன்றே: ஒரு சேனாபதி பாடலிபுத்திரத்தில் ஒரு மன்னனைக் கொன்றதால் காந்தாரமும் கலிங்கமும் தக்காணமும் பிரிந்துவிடவில்லை. கி.மு. 185இல் கைமாறிய அரசு ஏற்கெனவே மிகச் சுருங்கியிருந்தது. கடைசி அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தைக் காட்டி நூல் முழுவதையும் விளக்க முயல்கிறோம்.

அப்படியானால் ஏன்தான் வீழ்ந்தது? விடை தேட வேண்டிய முதல் இடம் அசோகரின் சொந்தச் சொற்களே என்பது என் கருத்து.

தௌலியில் உள்ள முதல் தனிக் கல்வெட்டைப் படியுங்கள். தோசலியில் நீதி வழங்கும் மகாமாத்திரருக்கு அது எழுதப்பட்டது. குடிகள் காரணமின்றிச் சிறையிடப்படுகின்றனர், துன்புறுத்தப்படுகின்றனர் என்று பேரரசரே ஒப்புக்கொள்கிறார். அதிகாரிகள் ஏன் இப்படி நடந்துகொள்கின்றனர் என்பதற்கு ஒரு பட்டியலும் தருகிறார்: பொறாமை, சினம், கொடுமை, அவசரம், முயற்சியின்மை, சோம்பல், களைப்பு. இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய நிர்வாக நோய்க்குறிப்பு இது. தீர்வாக, ஐந்தாண்டுக்கு ஒருமுறை மென்மையான ஓர் அதிகாரியைச் சுற்றுப்பயணம் அனுப்புவதாகச் சொல்கிறார். உஜ்ஜயினியிலிருந்தும் தட்சசீலத்திலிருந்தும் மூன்றாண்டுக்கு ஒருமுறை அவ்வாறே அனுப்பப்பட வேண்டும். மூன்றாண்டுக்கு ஒருமுறை வரும் கண்காணிப்பு! இடைப்பட்ட ஆயிரம் நாட்களில் அந்த மாகாணத்துக் குடிக்கு யார் அரசன்? பாடலிபுத்திரத்தில் இருப்பவரா, பக்கத்து ஊரில் இருக்கும் அதிகாரியா?

திவ்யாவதானத்தில் வரும் தட்சசீலக் கிளர்ச்சிக் கதையும் இதையே சொல்கிறது. பிந்துசாரர் காலத்தில் ஒன்று, அசோகர் காலத்தில் ஒன்று என இருமுறை மக்கள் எழுகின்றனர். இளவரசர் சமாதானத்துக்கு வந்ததும் அவர்கள் கூறுவது, எங்களுக்கு மன்னர் மேலும் இளவரசர் மேலும் பகையில்லை, தீய அமைச்சர்களே எங்களை அவமதிக்கின்றனர் என்பதுதான். இது பிற்கால இலக்கியம். அப்படியே வரலாறாகக் கொள்ள முடியாது. ஆயினும் தௌலிக் கல்வெட்டும் இந்தக் கதையும் ஒன்றையொன்று அறியாமலே ஒரே புண்ணில் விரல் வைக்கின்றன. இங்கே சிக்கல் அரசின் இரக்கத்தில் இல்லை. இரக்கம் அதிகாரியைத் தாண்டிக் குடியிடம் போய்ச் சேராததில் இருக்கிறது.

6ஆம் பாறைக் கல்வெட்டில் தாம் உண்ணும்போதும், அந்தப்புரத்தில் இருக்கும்போதும், எங்கிருந்தாலும் எந்நேரமும் செய்தியாளர் வந்து குடிகளின் காரியத்தைத் தெரிவிக்கலாம் என்கிறார் அசோகர். இதை நல்லாட்சியின் அடையாளமாகவே பாடநூல்கள் போற்றுகின்றன. சற்று நின்று எண்ணிப் பாருங்கள். எல்லாச் செய்தியும் ஒரே மனிதரின் காதுக்கு வந்தாக வேண்டும் என்பது வலிமையா, பலவீனமா? பாடலிபுத்திரத்துக்கும் காந்தகாருக்கும் நேர்க்கோட்டிலேயே ஏறத்தாழ 2000 கிலோமீட்டர் தொலைவு. கர்நாடகத்துப் பிரம்மகிரிக்கு 1400 கிலோமீட்டருக்கும் மேல். குதிரையின் வேகமே செய்தியின் வேகமாக இருந்த காலம். அந்த மனிதர் அசோகராக இருந்தவரை இயந்திரம் ஓடியது. அவருக்குப் பின் யார் என்பதிலேயே நூல்கள் ஒத்துப்போகவில்லை. தசரதன் ஆசீவகருக்கு நாகார்ஜுனி மலைக் குகைகளை அளித்த கல்வெட்டு இருக்கிறது. சமண மரபு சம்பிரதியைப் போற்றுகிறது. காஷ்மீரத்து ராஜதரங்கிணி ஜலௌகனைச் சொல்கிறது. பட்டியல்கள் இவ்வளவு முரண்படுவதற்கு, அசோகருக்குப் பின் நாடு பல கிளைகளிடம் பங்குபோனது என்பதே பொருத்தமான விளக்கமாகத் தோன்றுகிறது. அரசனை மட்டுமே ஆணியாகக் கொண்ட சக்கரம், அந்த ஆணி கழன்றபோது உருண்டுபோனது.

ரொமிலா தாப்பர் 1961இல் வெளியிட்ட நூல் இவ்விவாதத்தைத் திசைதிருப்பியது. அதிகாரமும் அதிகாரிகளின் பற்றும் மன்னரின் ஆள்மேல் குவிந்திருந்தன. ஆள் மாறினால் நிர்வாகமே மாறும் என்பது அவர் விளக்கம். பின்னர் 1980களில் அவரே தம் பழைய சித்திரத்தைத் திருத்தினார். மகதம் தலைநிலம், வேறு சில பகுதிகள் மையங்கள், எஞ்சியவை வளம் எடுக்கப்பட்ட விளிம்புகள் என்று மூன்றாகப் பிரித்தார். ஒரே அளவான மத்திய நிர்வாகம் எங்கும் பரவியிருந்ததாக முன்பு கொண்ட கருத்தை அவர் கைவிட்டார். ஒரு வரலாற்றாசிரியர் தம் கருத்தைத் தாமே திருத்திக்கொள்வது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமா? ஆயினும் நம் தேர்வு வழிகாட்டிகள் இன்றும் 1961ஐத் தாண்டவில்லை; பல 1923ஐயே தாண்டவில்லை.

வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆப்கானித்தான் முதல் கர்நாடகம் வரை ஒரே வண்ணம் பூசிய அந்த வரைபடம் நம் மனத்தில் பதிந்துவிட்டது. அசோகரின் கல்வெட்டுகள் கிடைத்த இடங்களைப் புள்ளியிட்டுப் பாருங்கள். அவை நாடெங்கும் சீராகப் பரவவில்லை. வணிக வழிகளிலும், எல்லைகளிலும், புனிதத் தலங்களிலும், தென்னாட்டில் பொன் கிடைக்கும் பகுதிகளை ஒட்டியும் திரண்டுள்ளன. தெற்கில் இருந்த ஆளுநரின் தலைநகர்ப் பெயரே சுவர்ணகிரி. புள்ளிகளுக்கு நடுவே இருந்த பெருங்காடுகளில் அரசின் கை எவ்வளவு நீண்டது என்பதற்கு, காட்டுக் குடிகளை அசோகர் மிரட்டிய அந்த வரிகளே விடை. முழுமையாக ஆண்ட நிலத்தை மிரட்ட வேண்டியதில்லை.

பொருளியல் காரணமும் உண்டு. கோசாம்பி வெள்ளி முத்திரைக் காசுகளை எடைபோட்டுப் பார்த்து, பிற்கால மௌரியக் காசுகளில் வெள்ளி குறைந்து செம்பு கூடியதைக் காட்டி, கருவூலம் வறண்டது என்றார். காசுக்கான தேவை பெருகியதாலும் வெள்ளி குறைந்திருக்கலாம் என்பது தாப்பரின் மறுமொழி. எது சரியாயினும், படைக்கும் அதிகாரிகளுக்கும் காசாக ஊதியம் தரும் அரசுக்குச் செலவு குறையாது. பிற்காலச் சேர்க்கைகளும் கலந்த அர்த்தசாஸ்திரத்தில், கருவூலம் வறண்டபோது அதை நிரப்பும் வழிகளுக்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. நடிகரும் கணிகையரும் தம் வருவாயில் பாதியைத் தர வேண்டும். கோயில் செல்வத்தை அரசு எடுத்துக்கொள்ளலாம். பொன்னாசை கொண்ட மௌரியர் தெய்வ உருவங்களைச் செய்தனர் என்று பதஞ்சலியின் மகாபாஷ்யத்தில் வரும் குறிப்பும் நினைவுகூரத்தக்கது. இலக்கண நூலாசிரியர் ஓர் எடுத்துக்காட்டுக்காகப் போகிறபோக்கில் சொன்னது அது. மௌரியரைப் பற்றி மக்கள் மனத்தில் எஞ்சியிருந்த நினைவின் ஒரு கீற்றாக அதைக் கொள்ளலாம்.

இங்கே சீனத்தோடு ஓர் ஒப்பீடு உதவும். சின் பேரரசு கி.மு. 221இல் எழுந்து கி.மு. 206இல் வீழ்ந்தது. மௌரியரைவிடப் பன்மடங்கு குறுகிய வாழ்வு; மென்மையின் நிழல்கூடப் படாத கொடிய ஆட்சி. இரக்கம்தான் பேரரசுகளை அழிக்கிறதென்றால் சின் ஏன் பதினைந்தே ஆண்டுகளில் அழிந்தது? இன்னொன்றையும் கவனியுங்கள். சின் அழிந்தும் அதன் மாவட்ட அமைப்பும், அளவைகளும், ஆவண முறையும் அழியவில்லை. ஹான் அரசு அவற்றை எடுத்துக்கொண்டது. மௌரியருக்கு அப்படி ஒரு வாரிசு வாய்க்கவில்லை. நான்காம் நூற்றாண்டில் சமுத்திரகுப்தரின் புகழுரை, இன்று பிரயாகையில் நிற்கும் அசோகரின் தூணிலேயே பொறிக்கப்பட்டது. அதில் அசோகரைப் பற்றி ஒரு சொல் இல்லை. அரசன் வீழ்ந்தாலும் அரசு எஞ்ச வேண்டுமானால் ஆளைச் சாராத நிறுவனங்கள் வேண்டும். மௌரியர் அவற்றைக் கட்டத் தவறினர் என்பதே நான் ஏற்கும் விளக்கம்.

அவர்கள் கட்டியதில் ஒன்று எஞ்சியது. கி.பி. 150இல் சகர் மன்னன் ருத்ரதாமன் ஜூனாகட் பாறையில் சுதர்சன ஏரியின் வரலாற்றைப் பொறித்தான். சந்திரகுப்தரின் ஆளுநர் புஷ்யகுப்தர் அதைக் கட்டியதையும், அசோகரின் காலத்தில் யவன அரசர் துஷாஸ்பர் கால்வாய்களை அமைத்ததையும் அவன் மறக்காமல் குறிப்பிடுகிறான். வம்சம் மறைந்து முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் மௌரியர் பெயரை அங்கே வாழவைத்தது படையெடுப்பு அன்று, ஓர் ஏரிக்கரை.

வீழ்ச்சி என்ற சொல்லையே சற்று ஐயுற வேண்டியிருக்கிறது. வீழ்ந்தது எது? ஒரு வம்சம் வீழ்ந்தது. நகரங்கள் வீழவில்லை. மௌரியருக்குப் பிந்தைய நான்கு நூற்றாண்டுகளில் வணிகக் குழுக்கள் பெருகின. தக்காணத்தில் சாதவாகனர் எழுந்தனர். கலிங்கத்தில் காரவேலன் எழுந்தான். குடைவரைகளும் தூபிகளும் வணிகர், கைவினைஞர், துறவியர் அளித்த சிறு சிறு கொடைகளால் உயர்ந்தன. சாஞ்சியின் கற்களில் அந்தக் கொடையாளர் பெயர்களை நூற்றுக்கணக்கில் இன்றும் வாசிக்கலாம்; அவர்களுள் பெண்கள் பலர். மகதத்தின் அரண்மனையிலிருந்து பார்த்தால் இது இருண்ட காலம். விதிசையின் தந்த வேலைக்காரரின் தெருவிலிருந்து பார்த்தால் இது விடிந்த காலம். எங்கிருந்து பார்க்கிறோம் என்பதை நாம் தெரிந்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.

தமிழ் வாசகருக்கு இது புதிதல்ல. அசோகரின் 2ஆம், 13ஆம் பாறைக் கல்வெட்டுகளில் சோழரும் பாண்டியரும் எல்லைக்கு வெளியே உள்ளோராகவே குறிக்கப்படுகின்றனர். 2ஆம் கல்வெட்டு சத்தியபுத்திரரையும் கேரளபுத்திரரையும் அவர்களோடு சேர்த்துச் சொல்கிறது. அந்தச் சத்தியபுத்திரர் யார் என்ற நெடுநாள் புதிருக்கு, 1981இல் ஜம்பையில் கிடைத்த தமிழிக் கல்வெட்டு அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயரோடு விடை தந்தது. பேரரசின் வண்ணம் பூசப்படாத அந்த நிலத்தில்தான் சங்கப் பாடல்கள் பிறந்தன. பேரரசு இல்லாத இடம் வெற்றிடம் அன்று.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்? ஊரில் என் சித்தப்பா மகன் குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்கிறான். கருத்தரங்கு முடிந்த இரவு அவனிடம் பேசிக்கொண்டிருந்தேன். மௌரியர் வீழ்ச்சிக்குக் காரணங்கள் என்று ஐந்து குறிப்புகளை மனப்பாடமாக ஒப்பித்தான். இரண்டாவது, அசோகரின் அகிம்சை. பிறகு அவனாகவே கேட்டான்: “அப்போ அண்ணா, அவர் வருத்தப்படாமலே இருந்திருந்தா நாடு நல்லா இருந்திருக்குமா?” என்னால் உடனே விடை சொல்ல முடியவில்லை. நாளை ஒரு மாவட்டத்தை ஆளப்போகிறவன் அவன். ஒரு லட்சம் பிணங்களைக் கண்டு வருந்துவது ஆட்சியாளருக்குரிய குறை என்ற பாடத்தை நாம் அவனுக்குத் தேர்வுக் குறிப்பாக ஊட்டியிருக்கிறோம். தௌலிக் கல்வெட்டில் உள்ள பட்டியலை, அதிகாரியின் பொறாமையும் சினமும் சோம்பலும் குடியை எப்படி வதைக்கும் என்ற பாடத்தை, எவரும் அவனுக்குச் சொல்லித்தரவில்லை. அவனுக்கு வேண்டியது அதுதான்.

ஆகவே ஆசிரியர்களிடம் என் வேண்டுகோள் இது. காரணங்களை எண்ணிட்டுத் தருவதை நிறுத்துங்கள். 13ஆம் பாறைக் கல்வெட்டை முழுமையாக, காட்டுக் குடிகள் பற்றிய வரிகளோடு, வகுப்பில் வாசிக்கச் செய்யுங்கள். அடுத்து தௌலியை வாசிக்கச் செய்யுங்கள். ஒரு மணி நேரம் போதும். பேரரசை அழித்தது இரக்கமா, இரக்கம் எட்டாத தொலைவா என்று மாணவர்களே சொல்லட்டும்.

என் தோழர்களுக்கும் ஒரு சொல். பிராமணியம் இந்தச் சமூகத்துக்குச் செய்த தீங்குகளுக்குச் சான்றுகள் மலைபோல் உள்ளன. அவற்றோடு ‘தீனாரம்’ பேசும் ஒரு கதையைச் சேர்க்காதீர்கள். ஒரு போலிச் சான்று போதும், எஞ்சிய நூறு உண்மைச் சான்றுகளையும் எதிரி ஒரே மூச்சில் ஊதித் தள்ள.

மறுப்புகளை வரவேற்கிறேன். கல்வெட்டோடும் காசோடும் வாருங்கள். வசையோடு வருபவர்களுக்கு விடை எழுத நேரமில்லை. ஆய்வேட்டின் மூன்றாம் இயல் இன்னும் மேசையில் காத்திருக்கிறது.